சுங்கான்: ஒரு சொல்லும் ஒரு பொருளும்

நம் இலக்கிய வட்டம் தன் பத்தாம் ஆண்டை நிறைவு செய்கிறது. இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, திருவில்லிபுத்தூரில் பிறந்த கோதை நாச்சியார் முகிலையும் குயிலையும் தூது வேண்டிய திறத்தை எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். எழுதவும் தொடங்கினேன். இடையில் குடும்பக் கடமை ஒன்று குறுக்கிட்டது. இராசபாளையத்தில் என் பெரியப்பாவின் வீட்டை விற்பதற்கு முன் அறைகளை ஒழித்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டி ஒன்றில் அவர் சேர்த்து வைத்திருந்த புகைக்குழாய்கள் இருந்தன. அவற்றைக் கண்ட பின்னர்க் கட்டுரையின் போக்கு மாறிவிட்டது. ஆயினும் தூது முற்றிலும் கைவிடப்படவில்லை என்பதைத் தொடர்ந்து படிக்கும் அன்பர்கள் காண்பர்.

பெட்டியில் ஏழு குழாய்கள் இருந்தன. நான்கு முழுதும் மரத்தால் ஆனவை. எஞ்சிய மூன்றின் தண்டு அலுமினியம். இம்மூன்றும் ஒரே அமைப்புடையன. நடுவே மெல்லிய உலோகக் குழல். ஒரு முனையில் பல்லால் கவ்வுதற்குரிய கருநிற வாய்ப்பகுதி. மறுமுனையில் சிறு தட்டுப் போன்று அகன்ற அடி. அந்த அடியில் மரை வெட்டப்பட்டுள்ளது. புகையிலை இடும் கிண்ணம் தனிப்பொருள். திருகினால் ஏறும், எதிர்ப்புறம் திருகினால் கழன்று வரும். மூன்று தண்டுகளுக்குப் பதினொரு கிண்ணங்கள் சேர்த்திருந்தார். ஒவ்வொன்றையும் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார்.

பெரியப்பா பஞ்சாலை ஒன்றில் எந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றியவர். 1960-களில் நூற்பு எந்திரங்களைப் பொருத்த வந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர், ஊர் திரும்பும்போது தம் குழாயை அவருக்கு அளித்துச் சென்றார் என்பது எங்கள் வீட்டில் பலமுறை கேட்ட கதை. மற்றவற்றைச் சென்னையிலும் கொச்சியிலும் பழம்பொருட் கடைகளில் தேடித் தேடி வாங்கினார். "எடைக்குப் போட்டா அலுமினியத்துக்கு ஏதோ கிடைக்கும்க்கா, மரத்துக்கு ஒண்ணும் தேறாது" என்றான் என் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பட்டை எழுதிக் கட்டிவைக்க எண்ணினேன். அட்டையில் என்ன எழுதுவது? 'பைப்' என்று எழுதினால் நம்மூரில் தெருக்குழாயே நினைவுக்கு வரும். இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்குக் கையில் இருக்கும் சிறு பொருளின் பெயர் தெரியவில்லை என்பது நாணத்தைத் தந்தது. அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

அகராதியில் ஒரு சொல்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டியபோது அச்சொல் கிடைத்தது. புகைகுடிக்கும் கருவிக்குத் தமிழில் 'சுங்கான்' என்று பெயர். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'சுங்காணி' என்னும் உறவுச்சொல் உண்டு. இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் இல்லங்கள் மிகுதி. பெரியப்பா வீட்டுக்கு எதிர்வீட்டில் வாழும் மூதாட்டியிடம் "சுங்காணி என்றால் என்ன பாட்டி?" என்று வினவினேன். அவர் சொல்லால் விடை கூறவில்லை. கையை மடக்கி வாயருகே கொண்டுசென்று இழுத்துக் காட்டினார். ஈழத்துத் தமிழர் வழக்கிலும் சுங்கான் உண்டு. நம்மிடையேதான் அச்சொல் ஓசையின்றி மறைந்துகொண்டிருக்கிறது.

புகையிலை பற்றிய பிற சொற்களையும் ஈண்டு நோக்குதல் தகும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து இச்செடி உலகெங்கும் பரவியபோது பல மொழிகள் அதன் அயற்பெயரையே சற்றுத் திரித்து ஏற்றுக்கொண்டன. ஆங்கிலத்தின் 'டொபாக்கோ', இந்தியின் 'தம்பாக்கு' ஆகியன அத்தகையன. தமிழோ பயன் நோக்கிப் 'புகையிலை' என்று தானே பெயரிட்டது. இலையைச் சுருட்டிச் செய்ததைச் 'சுருட்டு' என்றது. இச்சொல் போர்த்துக்கேசிய மொழியில் 'சருத்து' என்றும் ஆங்கிலத்தில் 'செரூட்' என்றும் புகுந்தது. 1886-இல் வெளிவந்த ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியமான 'ஹாப்சன்-ஜாப்சன்' இதன் வரலாற்றை விரித்துரைக்கிறது. கடன்பட்ட பொருளுக்குச் சொந்தமாகப் பெயரிட்டு, அப்பெயரை உலகுக்கே கடனாகக் கொடுத்த மொழி நம்முடையது.

புகையிலைக்கு முந்திய புகைக்குழல்

புகைக்கும் கருவி புகையிலையோடுதான் இந்நாட்டுக்கு வந்தது என்று கருதுவோர் பலர். நானும் அவ்வாறே கருதியிருந்தேன். ஆயின் கிறித்து ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் உருப்பெற்ற வடமொழி மருத்துவ நூலான சரக சம்கிதை, மருந்துப் புகையை உட்கொள்ளும் முறையை விரிவாகக் கூறுகிறது. மணப்பொருள்களையும் மூலிகைகளையும் அரைத்துத் திரியாக்கி, உலர்த்தி, நெய் தடவிக் கொளுத்தி, ஒரு குழல் வழியே இழுக்க வேண்டும். அக்குழலுக்குத் 'தூமநேத்திரம்' என்று பெயர். அது நேராக இருத்தல் வேண்டும். மூன்று கணுக்கள் உடையதாதல் வேண்டும். பொன், வெள்ளி, செம்பு முதலிய உலோகங்களாலோ, மூங்கில், கொம்பு முதலியவற்றாலோ செய்யலாம்.

உலோகத் தண்டு என்னும் கருத்து அத்தனை பழைமையானது. அதனினும் முக்கியமானது, குழல் ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்நூல் தரும் காரணமாகும். தொலைவிலிருந்து வரும் புகை கணுக்களில் தடைப்பட்டு, குழலில் நடந்து மெலிந்து விடுவதால் பொறிபுலன்களுக்குத் தீங்கு செய்யாது என்பது அதன் கருத்து. ஆயினும் அளவு மீறினால் செவி கேளாமை, கண் தெரியாமை, பேச்சிழப்பு, குருதிக் கசிவு, தலைச்சுற்றல் ஆகியன நேரும் என்றும் எச்சரிக்கிறது. நீண்ட குழல் புகையின் கொடுமையைத் தணிக்கும் என்னும் நம்பிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்வரும் வரலாறு முழுவதும் அந்த நம்பிக்கையின் வரலாறே ஆகும்.

அக்பர் அவையில் ஒரு குழாய்

புகையிலை போர்த்துக்கேசியர் வழியே மேலைக்கடற்கரைக்கு வந்து, பீசப்பூர் சுல்தானின் நாட்டில் பரவியிருந்தது. அக்பரின் அலுவலரான அசத் பேக் பீசப்பூருக்குத் தூது சென்று, 1604-05 அளவில் திரும்பும்போது ஒரு புகைக்குழாயைப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். அதன் அமைப்பை அவரே எழுதி வைத்துள்ளார். தண்டு மூன்று முழ நீளமுடையது. சுமத்திராத் தீவின் ஆச்சே துறைமுகத்திலிருந்து வந்தது. இரு முனைகளிலும் மணிகளும் வண்ணப் பூச்சும் பதித்தது. வாய்ப்பகுதி ஏமன் நாட்டுச் செம்மணிக் கல்லால் ஆனது. பற்றவைப்பதற்குப் பொன்னாலான எரிகலம் இருந்தது. வெவ்வேறு நாட்டு உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்திச் செய்த கருவி அது. மாற்றிப் பொருத்துதல் என்னும் முறையின் ஒரு முன்னோடி எனலாம்.

அக்பர் இரண்டு மூன்று முறை இழுத்தார். அருகிருந்த மருத்துவர் மேலும் இழுக்கவிடாமல் தடுத்தார். அங்கு நிகழ்ந்த உரையாடலை அசத் பேக் பதிந்துள்ளார். ஐரோப்பியர் அறியாமலா பயன்படுத்துகின்றனர் என்று அவர் கேட்டார். நம் அறிஞர்கள் சோதித்து ஒப்பாத பழக்கத்தைப் பிறர் செய்கின்றனர் என்பதற்காக மேற்கொள்ளலாகாது என்றார் மருத்துவர். எந்தப் பழக்கமும் ஒருநாள் புதியதாகத்தானே இருந்தது என்று அசத் பேக் மறுத்தார். பேரரசர் சொல்வாதத்தைச் சுவைத்தார். ஆனால் புகைப்பதைத் தொடரவில்லை. பிரபுக்களோ ஆளுக்குச் சிறிது கேட்டு வாங்கிச் சென்றனர். வணிகர் விற்கத் தொடங்கினர். ஏறக்குறைய அதே காலத்தில், 1604-இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் சேம்சு புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதினார். அக்பரின் மகன் சகாங்கீர் 1617-இல் புகைத்தலைத் தடைசெய்தார். மன்னர் ஆணைகள் எவையும் புகையைத் தடுக்கவில்லை.

வடநாட்டிலும் தக்காணத்திலும் உக்கா செல்வரின் அடையாளமாயிற்று. பீதர் நகரத்துக் கைவினைஞர் துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் வெள்ளி இழைத்து அதன் அடிப்பாண்டத்தைச் செய்தனர். புகை நீருக்குள் நடந்து குளிர்ந்து வரும். மேலே நெருப்பேந்தும் மண்கிண்ணம், சிலிம் எனப்படுவது, தனியே எடுத்து மாற்றத்தக்கது. உடைந்தால் குயவரிடம் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். விலையுயர்ந்த உலோகப் பகுதி தலைமுறைகளைக் கடந்து நிற்கும். மலிவான மண்கிண்ணம் மாறிக்கொண்டே இருக்கும்.

இலைக்குத் தூது, சுருட்டுக்குப் படையல்

தமிழகத்தில் புகையிலை வேறு வழியில் வேரூன்றியது. திண்டுக்கல் வட்டாரத்தின் ஊசிக்காப்பல் என்னும் வகை சுருட்டுக்குப் பெயர்பெற்றது. திருச்சிராப்பள்ளி உறையூரில் சுற்றப்பட்ட சுருட்டு கடல் கடந்தது. 1887-இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய முதல் செர்லாக் ஓம்சு கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டறிகிறார். ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் நாளேட்டையும் கதையையும் உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது. கியூபா நாட்டுச் சுருட்டு ஆலைகளிலும் 1860-கள் முதல் இத்தகைய வாசிப்பாளர் இருந்தனர். எழுத்தறியாத பலருக்கு இலக்கியம் புகையிலை மணத்தோடுதான் அறிமுகமாயிற்று என்பதை நம் போன்ற வட்டத்தினர் எண்ணிப் பார்க்கலாம்.

நம் தென்பாண்டி நாட்டில் சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன் அறிமுகமில்லாத ஓர் அயல்நாட்டு இலை, ஊர்க்காவல் தெய்வத்தின் விருப்பப் பொருளாகிவிட்டது.

இலக்கியமும் அதனை ஏற்றுக்கொண்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய புகையிலை விடு தூது என்னும் சிற்றிலக்கியத்தை 1939-இல் டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். பழனி முருகன்மேல் காதல்கொண்ட தலைவி புகையிலையைத் தூது விடுப்பதாக அமைந்த, ஏறத்தாழ 60 கண்ணிகள் கொண்ட சிறுநூல் அது. புகையிலையின் பிறப்புக்குப் புலவர் ஒரு கதை சொல்கிறார். மும்மூர்த்திகளுக்குள் எழுந்த ஒரு வழக்கில் அவர்களிடம் மூன்று இலைகள் ஒப்படைக்கப்படுகின்றன. சிவபெருமானிடம் இருந்த வில்வத்தைக் கங்கையின் அலை கொண்டுபோயிற்று. திருமாலிடம் இருந்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரமனோ தன் இலையைக் கலைமகளிடம் கொடுத்துக் காத்தான். மற்ற இலைகள் போயின. பிரமனுடையது மட்டும் 'போகையிலை', அதாவது போகவில்லை. அதுவே புகையிலையாயிற்று என்பது புலவரின் சிலேடை.

இந்நூலை எள்ளல் இலக்கியம் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். என் கருத்து அதுவன்று. சங்க காலம் முதல் நாரையையும் நெஞ்சையும் தூது விட்ட மரபு நம்முடையது. கோதை நாச்சியார் முகிலிடம் வேண்டினார். உமாபதி சிவாசாரியார் நெஞ்சைத் தூது விட்டார். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் கிளியை அழகரிடம் விடுத்தார். மதுரைச் சொக்கரிடம் தமிழே தூது சென்றது. தூது என்னும் வடிவம் அப்படியே நின்றது. தூது செல்லும் பொருள் மட்டும் காலந்தோறும் மாறிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் தம் காலத்து மக்கள் வாயில் இருந்த பொருளை எடுத்து அந்தப் பழைய வடிவத்தில் பொருத்தினார். புதிய பொருளைக் கண்டு அஞ்சாத மனம் அது. எனினும் அவர் பாடியது புகையிலையின் பெருமையை மட்டுமே. அதன் மறுபக்கத்தை அறியும் வாய்ப்பு அவர் காலத்தில் இல்லை. நமக்கு உண்டு.

இலைக்குத் தூது கிடைத்தது. சுருட்டுக்குப் படையல் கிடைத்தது. சுங்கானுக்கோ அகராதியில் ஓர் இடம் மட்டுமே கிடைத்தது. அது பெரும்பாலும் வெள்ளையர் கையிலும், பின்னர் அவர்களைப் பார்த்துப் பழகிய அதிகாரிகள் கையிலும் இருந்தது. நம் பழைய திரைப்படங்களில் பட்டு மேலங்கி அணிந்து மாடிப்படி இறங்கும் செல்வந்தரின் வாயில் அதனைக் காண்கிறோம்.

உலோகத் தண்டும் மாற்றுக் கிண்ணமும்

பெரியப்பாவின் பெட்டியில் இருந்த வகை எப்போது தோன்றியது என்பதை இனிக் காண்போம். சப்பானியரின் 'கிசெரு' என்னும் குழாயில் கிண்ணமும் வாய்ப்பகுதியும் உலோகம், நடுத்தண்டு மூங்கில். தண்டில் கசடு படிந்தால் அதனை மட்டும் மாற்றித் தருவதற்கென்றே தெருத்தெருவாக வரும் தொழிலாளர் அங்கு இருந்தனர். நம் ஊரில் ஈயம் பூசுவோர் வந்ததைப் போன்றது அது.

ஐரோப்பாவில் முதலில் களிமண் குழாய்கள் வழங்கின. ஆலந்து நாட்டின் கௌடா நகர் அதற்குப் பெயர்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் 'எரிக்கா' என்னும் புதர்ச்செடியின் வேர்முண்டு சிறந்த மூலப்பொருள் எனக் கண்டனர். அது கடினமானது, எளிதில் தீப்பற்றாதது. பிரெஞ்சு நாட்டின் செயின்ட் குளோத் என்னும் ஊர் அத்தொழிலின் நடுவிடம் ஆயிற்று.

1930-களில் அமெரிக்காவில் இருவேறு மனிதர்கள் உலோகத் தண்டுக் குழாய்களை உருவாக்கினர். ஒருவர் சியாட்டில் நகரில் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பேராசிரியராக இருந்த பிரெடரிக் கிர்ஸ்டன். அவர் பெயரால் ஒரு காற்றுச் சுரங்க ஆய்வுக்கூடம் அங்கு உள்ளது. சிகரெட்டை விடுமாறு மருத்துவர் கூறியதை அடுத்து, புகையைக் குளிர்விக்கும் அலுமினியக் குழலை அவர் வடிவமைத்தார். மற்றொருவர் இந்தியானா மாநிலத்துக் கென்லி பக். அவர் உருவாக்கியதே 'பால்கன்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்து, 1950-களில் இங்கிலாந்திலும் செய்யப்பட்டு உலகெங்கும் பரவியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மத்தியதரைக் கடல் வழியே எரிக்கா வேர் வருவது தடைப்பட்டது, மாற்றுப் பொருள்களை நாடுவதற்குக் காரணமாயிற்று.

இதன் வேலைமுறை எளிது. புகையிலை எரியும்போது நீராவி எழுகிறது. அலுமினியம் மரத்தைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு அளவில் வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆகவே புகை தண்டின் வழியே வரும்போது வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. நீராவி துளிகளாக மாறிக் கிண்ணத்தின் அடியிலுள்ள தட்டில் தங்கிவிடுகிறது. வாய்க்கு வரும் புகை உலர்ந்தும் வெம்மை குறைந்தும் இருக்கும். கிண்ணத்தைக் கழற்றித் துணியால் துடைத்துவிடலாம். ஒன்று ஆறும்வரை வேறொன்றைப் பொருத்தலாம். பஞ்சாலையில் தேய்ந்த உறுப்பை மட்டும் கழற்றி மாற்றிப் பழகிய பெரியப்பாவுக்கு இந்த அமைப்பு ஏன் பிடித்தது என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் இராசபாளையம் மில்லைத் தொடங்கியதும் அதே பத்தாண்டில்தான், 1936-இல். ஓர் உறுப்புக்குப் பதில் அதே அளவுள்ள மற்றோர் உறுப்பு என்னும் பொறியியல் நெறி நம் ஊருக்குக் கதிர்களோடும் பற்சக்கரங்களோடும் வந்து சேர்ந்தது.

பட்டறையில் பிறந்த கிண்ணங்கள்

பதினொரு கிண்ணங்களில் மூன்று நம் மண்ணில் பிறந்தவை. அயல்நாட்டுக் கிண்ணங்கள் கிடைக்காத காலத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்று திருவில்லிபுத்தூரில் ஒரு கடைசல் பட்டறையில் அவற்றைச் செய்வித்தார். சிறுமியாக இருந்தபோது நானும் ஒருமுறை உடன் சென்றிருக்கிறேன். தொட்டில் கட்டைக்கும் கட்டில் காலுக்கும் இடையே இந்தச் சிறு கிண்ணம் உருண்டுகொண்டிருந்தது. கடைசல்காரர் தேக்கில் ஒன்று கடைந்தார். மரை வெட்டும்போது இரு முறை பிளந்தது. மூன்றாம் முறை நின்றது. ஆனால் சில நாட்களிலேயே உட்புறம் கருகிவிட்டது. அடுத்து ஈட்டி மரத்தில் கடைந்தார். அது சற்றே நீடித்தது. அந்தக் கருகல் இன்னும் உள்ளே தெரிகிறது.

மூன்றாவது சுட்ட மண்ணால் ஆனது. குயவர் ஒருவர் செய்து கொடுத்தது. மண்ணில் நுண்ணிய மரை வெட்ட இயலாது. எனவே பெரியப்பா அடிப்பகுதியில் பருத்தி நூலைச் சுற்றி, தட்டில் இறுகப் பொருந்தும்படி அமைத்திருக்கிறார். உக்காவின் சிலிமுக்குத் துணி சுற்றிப் பொருத்தும் அதே முறை. அமெரிக்கத் தண்டின்மேல் இராசபாளையத்து நூலும் நம் சூளை மண்ணும் அமர்ந்திருக்கின்றன. அந்த நூல் இன்னும் அவிழவில்லை. பெட்டியில் இருந்தவற்றுள் என் மனத்தைப் பெரிதும் தொட்டது இதுவே.

தண்மையும் தீமையும்

இனிக் கூறவிருப்பது எழுதக் கடினமானது. பெரியப்பா 1998-இல் வாய்ப்புற்றால் இறந்தார். அப்போது நான் கல்லூரி மாணவி. அவர் சிகரெட்டைத் தொட்டதில்லை. "அது பேப்பர் புகை, இது குளுந்த புகை, கண்ணு. ஒண்ணும் செய்யாது" என்பார். பெரியம்மா நம்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் இல்லை. நாங்கள் அனைவரும் நம்பினோம். கிண்ணத்தைக் கழற்றி அடித்தட்டில் சேர்ந்த கரிய நீரை அவர் துடைத்துக் காட்டும்போது, நஞ்சு முழுவதும் அங்கேயே தங்கிவிட்டது என்றே எண்ணினோம்.

அறிவியல் கூறுவது வேறு. புகை குளிர்ந்தாலும் அதன் வேதிப்பொருள்கள் பெரும்பகுதியும் உடன் வருகின்றன. தட்டில் தங்குவது ஒரு பகுதியே. புகையிலைப் புகையில் புற்றுநோயை உண்டாக்கவல்ல பொருள்கள் எழுபது அளவில் அறியப்பட்டுள்ளன. 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் புகழ்பெற்ற அறிக்கை, குழாய்ப் புகைத்தலுக்கும் உதட்டுப் புற்றுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென அறிவித்தது. வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்கும் அது காரணமாவதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. அந்த அறிக்கை வந்த பத்தாண்டில்தான் பெரியப்பாவின் கைக்கு முதற்குழாய் வந்தது. செய்தி பட்டணங்களை அடைந்தது. எங்கள் தெருவை அடையவில்லை.

சரகர் காலத்து மூன்று கணுக் குழல், அசத் பேக்கின் மூன்று முழத் தண்டு, பீதரின் நீர்ப்பாண்டம், கிர்ஸ்டனின் அலுமினியம் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. சரகர் கூறிய நீளமும் உக்காவின் நீரும் கிர்ஸ்டனின் உலோகமும் ஒரே நம்பிக்கையின் வெவ்வேறு வடிவங்கள். புகையைப் பழக்கிவிடலாம் என்று ஒவ்வொரு காலத்து மனிதரும் நம்பினர். கருவி மாறியது; புகை மாறவில்லை. அக்பருக்கு அருகிருந்த மருத்துவர் சோதிக்காமல் ஏற்காதீர் என்றார். அச்சோதனை முடிய மூன்றரை நூற்றாண்டுகள் ஆயின. இன்று உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் இறக்கின்றனர். தமிழ்நாட்டில் பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 2003-இல் வந்தது. மின்னணுச் சிகரெட்டை இந்திய அரசு 2019-இல் தடைசெய்தது. அதன் படத்தை நாளேட்டில் பார்த்தபோது வியப்பே உண்டாயிற்று. உலோகத் தண்டு, கழற்றி மாற்றும் குப்பி, தீங்கற்றது என்னும் உறுதிமொழி. பெரியப்பாவின் பெட்டியில் இல்லாத எதுவும் அதில் இல்லை.

நிறைவாக

குழாய்களை நான் எடைக்குப் போடவில்லை. விலைக்குக் கேட்டவருக்கும் கொடுக்கவில்லை. துடைத்து, அதே பெட்டியில், அதே பஞ்சில் வைத்திருக்கிறேன். மண்கிண்ணம் பொருத்திய குழாயில் கட்டிய அட்டையில் இவ்வாறு எழுதினேன்: "சுங்கான். அலுமினியத் தண்டு, அமெரிக்க அமைப்பு. மண்கிண்ணம், பருத்தி நூல், உள்ளூர் வேலை. இதனைப் பயன்படுத்தியவர் 1998-இல் வாய்ப்புற்றால் இறந்தார்." இறுதி வாக்கியத்தை எழுதலாமா என்று இரண்டு நாட்கள் தயங்கினேன். பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எழுது. அதையும் சேத்து எழுதுனாத்தான் அது அவரோட சாமான்" என்றார்.

அச்சொல் எனக்கு ஒரு நெறியாகப் பட்டது. பொருளின் அழகை எழுதுவோர் அதன் கேட்டையும் எழுதுதல் வேண்டும். சொல்லைக் காப்பதும் பழக்கத்தைக் காப்பதும் ஒன்றல்ல. சுங்கான் என்னும் சொல் வாழ்வதற்கு ஒருவரும் புகைக்க வேண்டியதில்லை. அதனை அறிந்து வழங்கினால் போதும்.

நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. வீட்டுப் பரண்களில் பெயர் மறந்த பொருள்கள் பல கிடக்கின்றன. அவற்றின் பெயரைக் கேட்டறிந்த மூத்தோர் இன்னும் சிலர் நம் தெருக்களில் வாழ்கின்றனர். அடுத்த பத்தாண்டில் ஒவ்வொருவரும் அத்தகைய பொருள் ஒன்றை எடுத்து, அதன் சொல்லையும் வரலாற்றையும், அதனைக் கையாண்டவர் பட்ட துன்பத்தையும் மறைக்காமல் பாடுவார்களாயின், அது நம் ஊருக்கு நாம் செய்யும் தொண்டாக அமையும். முகிலும் குயிலும் சென்ற அதே தூதில் புகையிலையும் சென்றது. இனிச் செல்ல வேண்டியது எது என்பதை நம் கவிஞர்களே தெரிந்தெடுப்பார்களாக.

வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் கண்டு சிறக்க வாழ்த்துகிறேன்.